மூன்றாவது கல்

கில்வா மசோகோவில், துறைமுகத்துக்கு மேலிருந்த அலுவலகத்தில்
அனுமதிச் சீட்டு மூன்று பிரதிகள்.
கார்பன் தாள் தேய்ந்து, என் பெயர்
மூன்றாவதில் வெறும் நகக்கீறலாய் விழுந்தது.
கல், ஓடு, காசு எதையும் தீவிலிருந்து எடுக்கலாகாது
என்றிருந்த வரியின் கீழ் கையெழுத்திட்டேன்.
எழுத்தர் முத்திரை குத்தி, விரலிடுக்கில் மை துடைத்தபடி
ஒன்றே ஒன்று கேட்டார்:
மழைக்கு முன் திரும்பிவிடுவீர்கள்தானே?

ஷொமாரியின் பாயில் ஏழு ஒட்டு.
அதில் ஒன்று சர்க்கரைச் சாக்கு.
காற்று நிறைந்தபோது
ஆலையின் பெயர் உப்பிக்கொண்டு எழுந்தது.
"போகையில் காற்றுக்கு நான் பொறுப்பு,
வருகையில் கடலுக்கு யாரும் பொறுப்பில்லை"
என்றான். கூலியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டான்.

பெரிய பள்ளிவாசலில் குவிமாடங்களை எண்ணினேன்.
பாதியில், இடிந்த இடத்து வானத்தையும்
சேர்த்து எண்ணிவிட்டேன்.
மறுபடி முதலிலிருந்து.
ஓர் ஆடு, நிழல் நகர நகர
தூண் மாறிப் படுத்துக்கொண்டிருந்தது.
எல்லாம் பவளக் கல்.
ஈரத்தில் வெல்லம்போல் அறுபடும்,
காற்றுப் பட்டதும் இறுகிவிடும்.
கடலின் ஒரு துண்டு கரையேறி
சுண்ணாம்பு பூசிக்கொண்டு தொழ நின்றிருக்கிறது,
எழுநூறு எண்ணூறு வருஷமாய்.

மேட்டு அரண்மனையில் எண்கோணக் குளம்.
சுல்தான் இறங்கிய படிகளில்
இப்போது பல்லி இறங்குகிறது.
உள்ளே காய்ந்த இலைகள், ஒற்றைச் செருப்பு.
நீளம், அகலம் எழுதிக்கொண்டேன்.
செருப்பை எழுதவில்லை.

கரைக்கு வந்தால் கடல் இல்லை.
வற்று.
படகு சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தது,
ஷொமாரி அதன் நிழலில்.
கண்டல் வேர்களில் நண்டு ஊரும் சத்தம்.
எனக்குப் பசி.

அப்போதுதான் பாறைத்திட்டிலிருந்து ம்வானஹாவா வந்தாள்,
இடுப்புவரை நனைந்து,
ஈட்டிக்கம்பில் ஒரு பேய்க்கணவாயோடு.
அதைத் தரையில் நாற்பது முறையாவது அறைந்தாள்,
ஏதோ பழைய கணக்குத் தீர்ப்பதுபோல.
பிறகு என் நோட்டைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள்,
வா என்றாள்.

ஆனைப்புளிய மரத்துக்குக் கிழக்கே அவள் வீடு.
அடுப்புக்கு மூன்று கல்.
இரண்டு, சும்மா கல்.
மூன்றாவதில், கரிக்குக் கீழே,
கயிறு முறுக்கியதுபோல் ஒரு வேலைப்பாடு ஓடி
ஓரத்தில் பாதி எழுத்தோடு நின்றது.
அலிஃபாக இருக்கலாம். லாமாகவும்.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.
சட்டியைச் சற்றே நகர்த்தி எழுத்தை மறைத்தாள்.

"இலாகாக்காரர்கள் இரண்டு தடவை வந்தார்கள்.
இரண்டு தடவையும் மூட்டுவலி என்று
அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.
இரண்டாம் தடவை சூடாக இருந்தது."

அவள் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

"மற்ற கல்லெல்லாம் இரண்டு மழையில் உதிர்ந்துவிடும்,
இது நிற்கிறது."
எந்த ராஜா செதுக்கச் சொன்னதோ, என்றேன்.
"ராஜாவோ கொத்தனோ, யார் கண்டது.
சட்டி ஆடுவதில்லை."

தேங்காய்ப்பாலில் வெந்த கணவாய்
பல்லுக்கு ரப்பர், நாக்குக்குக் கடல்.
சட்டைப்பையில் சீட்டு மடங்கிக் கிடந்தது.
நோட்டைத் திறந்தேன்,
எண்ணெய் விரல் பட்டுப் பக்கம் கண்ணாடியாயிற்று.
அதன் வழியே
மறுபக்கத்துக் குளத்தின் நீளம் தெரிந்தது.
மூடிவிட்டேன்.

இருட்டும் நேரம் கடல் வந்தது,
வேர்களை ஒவ்வொன்றாய் விசாரித்தபடி.

"எதையாவது எடுத்தீர்களா?"
எழுத்தர் கதவைப் பூட்டிக்கொண்டே கேட்டார்.
இல்லை என்றேன்.
வாயெல்லாம் புகை மணம்.

இதை இப்போது எழுதுகிறேனே என்றால்,
அவள் பெயர் அதுவல்ல.
வீடும் மரத்துக்குக் கிழக்கே இல்லை.
மழை மட்டும் உண்மை. பாதி வழியில் பிடித்துக்கொண்டது.
சர்க்கரை ஆலையின் பெயர்
நனைந்து நனைந்து, கடைசியில் படிக்க முடியாமல் போனது.